கேட்காமலே கிடைக்கிற தண்ணி

ஓம் சரவணபவ 🙏



தம்பி தங்கைகள் அடிக்கடி கேட்கிற ஒரு கேள்வியைப் பத்தி இன்னைக்குப் பேசலாம்னு நினைக்கிறேன். கேள்வி இதுதான்: "வீட்ல பாட்டிக்கு மூணு வேளை சாப்பாடு, மாத்திரை, தனி ரூம், ஃபேன், டிவி எல்லாம் இருக்கு. ஒரு குறையும் வைக்கல. ஆனாலும் முகம் வாடியே இருக்கு. சின்ன விஷயத்துக்கெல்லாம் கண்ணு கலங்குது, இல்லைன்னா கோபம் வருது. அவங்க மனசுக்கு நிம்மதி கிடைக்க எந்தப் பதிகம் படிக்கணும், எந்த விரதம் இருக்கணும்?"

பதிகம் படிங்க, விரதம் இருங்க, ரெண்டும் நல்லதுதான். ஆனா அந்தக் கேள்வியில இருக்கிற ஒரு வரியை மட்டும் கொஞ்சம் நின்னு பார்க்கணும். "ஒரு குறையும் வைக்கல" என்கிறோமே, அதை யார் சொல்லணும்? கொடுக்கிறவங்களா, வாங்கிக்கிறவங்களா?

*கடமை ஒரு பக்கம், பாசம் ஒரு பக்கமா?*

நாம பெரும்பாலும் ரெண்டு கணக்கு வச்சிருக்கோம். சோறு, துணி, இடம், மருந்து இதெல்லாம் கடமைக் கணக்கு. பக்கத்துல உட்கார்ந்து பேசுறது, பிறந்தநாளுக்கு கேக் வெட்டுறது, கட்டிப்பிடிச்சு ஃபோட்டோ எடுக்கிறது இதெல்லாம் பாசக் கணக்கு. முதல் கணக்கு முடிஞ்சாச்சு, ரெண்டாவதுல மட்டும் ஏதோ குறையுது போலன்னு நினைக்கிறோம்.

ரீல்ஸ்ல ஒரு முக்கோணப் படம் பார்த்திருப்பீங்க. ஆபிரகாம் மாஸ்லோ என்ற அமெரிக்க உளவியல் அறிஞர் 1943-இல் எழுதிய ஒரு கட்டுரையை வச்சுப் போட்ட படம் அது. அடியில பசி, தாகம், தூக்கம். அதுக்கு மேல பாதுகாப்பு. அதுக்கும் மேல அன்பு, மரியாதை. கீழ இருக்கிறது நிறைவேறினாத்தான் மேல இருக்கிறதைப் பத்தி மனுஷன் பெருசா யோசிப்பான் என்பது அந்தப் படத்தோட சாரம்.

உழைச்சுச் சம்பாதிக்கிற வயசுல இது ஓரளவு சரியா இருக்கலாம். நமக்குப் பசிச்சா நாமே போய்ச் சாப்பிடுறோம், அன்பை வேற இடத்துல தேடுறோம். ஆனா 80 வயசுல ஒருத்தருக்கு ஒரு டம்ளர் தண்ணி வேணும்னாலே இன்னொருத்தர் கை வேணும். அந்த டம்ளர் எந்த நேரத்துல வருது, எப்படி வைக்கப்படுது, வைக்கிறவர் முகம் எப்படி இருக்கு என்பதெல்லாம் தண்ணியோட சேர்ந்தே உள்ளே போகுது. தாகமும் மரியாதையும் அங்கே ஒரே டம்ளர்ல இருக்கு. அடிப்படைத் தேவையை ஒழுங்கா நிறைவேத்துறதுதான் முதியவங்க மனசைப் பார்த்துக்கிற முதல் வழின்னு நான் நம்புறது இதனாலதான். பாசத்துக்குன்னு தனியா ஒரு நேரம் ஒதுக்குறதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

*பாதயாத்திரை போனவங்களுக்கு இது புரியும்*

தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போனவங்க நம்மில் நிறைய பேர் இருக்கீங்க. குன்றக்குடி பக்கத்துல இருந்து கிளம்பி நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் வழியா நடந்தவங்க ஞாபகப்படுத்திப் பாருங்க. மூணாவது நாள் மதியம் மனசு எப்படி இருந்துச்சு? கால்ல கொப்புளம், இடுப்பு வலி, சரியான தூக்கம் இல்லை. கூட வர்றவன் சாதாரணமா ஒரு வார்த்தை சொன்னாக்கூட எரிச்சல் வரும். அரோகரா போடக்கூட வாய் வராது. பக்தி குறைஞ்சிடுச்சா? இல்லை, உடம்பு ஓய்ஞ்சிடுச்சு, அவ்வளவுதான்.

அப்போ ரோட்டு ஓரத்துல முன்பின் தெரியாத ஒரு அக்கா கூப்பிட்டு நீர்மோர் கொடுப்பாங்க. "உட்காருங்க சாமி"ன்னு பாய் விரிப்பாங்க. ஒரு அண்ணன் காலுக்குத் தைலம் தேய்ச்சு விடுவார். யார்கிட்டயும் நாம எதுவும் கேட்டிருக்க மாட்டோம். அஞ்சு நிமிஷத்துல மனசு இளகிடும், சில பேருக்குக் கண்ணே கலங்கிடும். யாரும் ஆறுதல் சொல்லல, உபதேசம் பண்ணல. மோரும் பாயும் தைலமும்தான் கிடைச்சுது. மனசு தானா எழுந்து நடந்துச்சு.

நாம அஞ்சாறு நாள் நடந்ததுக்கே இப்படி. நம்ம வீட்டுப் பெரியவங்க எழுபது, எண்பது வருஷம் நடந்து வந்திருக்காங்க. இப்போ கடைசிக் கொஞ்ச தூரம். அந்த வழியில பந்தல் போட வேண்டிய வீடு நம்ம வீடு.

*வள்ளலார் பார்த்தது*

நம்ம முருகனோட நெருங்கிய தொடர்பு உள்ள ஒரு பெரியவர் இதை ரொம்பத் தெளிவா சொல்லியிருக்கார். வள்ளலார் இளம் வயசுல சென்னை கந்தகோட்டத்து முருகன் சன்னிதியில உருகினவர். அங்கே பாடினதுதான் தெய்வமணிமாலை. அவரே 1867-இல் வடலூர்ல தருமச்சாலை தொடங்கினார். அன்னைக்கு மூட்டின அடுப்பு இன்னைக்கும் அணையாம எரிஞ்சுகிட்டு இருக்கு.

ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற அவரோட உரைநடையில, பசி வந்தா ஒரு மனுஷனுக்குள்ள என்னென்ன நடக்குதுன்னு வரிசையா சொல்லிக்கிட்டே போவார். வயித்துல எரியுதுன்னு சொல்லி நிறுத்திக்கல. அறிவு தெளிவு கெட்டுப்போகுது, மனசு தடுமாறுது, உள்ளே இருக்கிற கடவுள் விளக்கமே மறைஞ்சு போகுது என்கிறார். உணவு உள்ளே போனதும் உள்ளம் குளிர்ந்து முகம் மலர்வதையும் சொல்றார். பசியை அவர் உடம்போட பிரச்சினையா மட்டும் பார்க்கல. பசிச்சவனோட மனசும் ஆன்மாவும் சேர்ந்து வாடுதுன்னு பார்த்தார். பக்தியில அவ்வளவு உயரம் போனவர் கடைசியில அடுப்பு மூட்டினார் என்பதை நாம சாதாரணமா கடந்து போயிடக் கூடாது.

*வாடின முகத்துக்குப் பின்னாடி*

இப்போ நம்ம வீட்டுக்கு வருவோம். "எல்லாம் இருக்கே"ன்னு தோணுற வீட்ல, பெரியவங்களுக்கு எது இல்லாம இருக்கலாம்?

தண்ணி. வயசு ஏற ஏற தாகம் எடுக்கிற உணர்வே குறைஞ்சிடும். அதோட ராத்திரி எழுந்து பாத்ரூம் போகணுமேன்னு பயந்து சாயங்காலத்துக்கு மேல தண்ணியைத் தொடாதவங்க நிறைய பேர். தண்ணி குறைஞ்சா சோர்வு வரும், தலை சுத்தும், குழப்பம்கூட வரும். நேத்து வரைக்கும் நல்லா பேசினவங்க திடீர்னு சம்பந்தமில்லாம பேசினா அதுக்குச் சிறுநீர்த் தொற்று காரணமா இருக்கலாம். அதை வீட்ல பிடிவாதம்னு பேர் வச்சிடுறோம். அப்படித் திடீர்னு மாறினா டாக்டர்கிட்டக் காட்டணும்.

பல்லு. கடிக்க முடியலன்னு சொல்ல வெட்கப்பட்டு "பசிக்கல" என்பாங்க. எல்லாரும் பிரியாணி சாப்பிடுறப்போ தனக்கு மட்டும் தனியா குழைச்ச சாதம் வேணும்னு கேட்க மனசு வராது.

காது. இது ரொம்ப வேதனையான விஷயம். கூடத்துல எல்லாரும் சிரிக்கிறாங்க, எதுக்குன்னு தாத்தாவுக்குத் தெரியாது. முதல்ல அவரும் சும்மா சேர்ந்து சிரிப்பார். அப்புறம் தன்னைப் பத்தித்தான் சிரிக்கிறாங்களோன்னு சந்தேகம் வரும். அப்புறம் கூடத்துக்கே வர மாட்டார். நாம "அவர் ஒதுங்கிட்டார்" என்போம். தேவை என்னமோ ஒரு காது கேட்கும் கருவி. அதுவும் முடியலன்னா, நேரா முகம் பார்த்து மெதுவா இன்னொரு தடவை சொல்றதுக்கு ஒரு ஆள்.

பாத்ரூம். வழுக்குற தரை, பிடிச்சுக்க ஒண்ணும் இல்லாத சுவர், தூரம், இருட்டு. ஒரு தடவை விழுந்தவங்களுக்கு அந்தப் பயம் நாள் முழுக்க மனசுல ஓடிக்கிட்டே இருக்கும். சுவர்ல ஒரு கைப்பிடியும் ராத்திரி எரியற ஒரு சின்ன பல்பும் அந்தப் பயத்துல பாதியைக் குறைக்கும்.

எங்க அப்பத்தா விஷயத்தையே சொல்றேன். கார்த்திகை தவறாம முருகன் கோயிலுக்குப் போறவங்க, ஒரு கட்டத்துல வரலைன்னு சொல்லிட்டாங்க. "வயசாச்சு, இனிமே எதுக்கு" என்றாங்க. முகமும் வாடிப்போச்சு. சொந்தக்காரங்க ஆளாளுக்கு ஒண்ணு சொன்னாங்க. எங்க அத்தைதான் ஒருநாள் பக்கத்துல படுத்துக்கிட்டு மெதுவா விசாரிச்சாங்க. விஷயம் இவ்வளவுதான்: கோயில் பக்கம் அவங்க போற மாதிரி கழிப்பறை இல்லை. கூட்டத்துல நிக்கிறப்போ அவசரம் வந்துடுமோன்னு பயம். அதைப் பேரன் பேத்திகிட்டச் சொல்ல வெட்கம். அத்தை கோயில் தெருவுல தெரிஞ்ச ஒரு வீட்ல பேசி வச்சாங்க. அடுத்த கார்த்திகைக்கு அப்பத்தா பட்டுச்சேலை கட்டிக்கிட்டு எங்களுக்கு முன்னாடி வாசல்ல நின்னாங்க. அவங்க பக்தி குறையவே இல்லை. வழியில ஒரு தடை இருந்துச்சு, அதை எடுத்ததும் பக்தி பழைய மாதிரி நடந்து வந்துச்சு.

*மூணாவது தடவை கேட்க மாட்டாங்க*

இதெல்லாம் கேட்டா வாங்கிக் கொடுக்கப் போறோம், அவங்க ஏன் கேட்க மாட்டேங்கிறாங்கன்னு உங்களுக்குத் தோணும்.

வாழ்நாள் முழுக்கக் கொடுத்துப் பழகின கை அது. முதல் தடவை கேட்கிறது சிரமமா இருக்காது. "கண்ணாடி உடைஞ்சிடுச்சுப்பா." நாம "சரி பாட்டி, பார்க்கலாம்" என்போம், மறந்திடுவோம். ரெண்டாவது தடவை கேட்கிறப்போ குரல் கொஞ்சம் இறங்கியிருக்கும். மூணாவது தடவை கேட்கவே மாட்டாங்க. நாம ஞாபகம் வந்து கேட்டா "பரவாயில்ல, இருக்கட்டும்" என்பாங்க. அந்த "இருக்கட்டும்"ல "நான் உங்களுக்குப் பாரமாயிட்டேனோ"ன்னு ஒரு பயம் உட்கார்ந்திருக்கு. உடைஞ்ச கண்ணாடியை எப்ப வேணா மாத்திடலாம். அந்தப் பயத்தை மாத்துறதுக்கு ரொம்ப நாள் ஆகும்.

கொடியது எதுன்னு முருகன் கேட்டதுக்கு அவ்வையார் பதில் சொன்ன பாட்டு நமக்கெல்லாம் தெரியும். வறுமையில ஆரம்பிச்சு, ஒண்ணை விட ஒண்ணு கொடியதுன்னு ஏறிக்கிட்டே போகும். கடைசியில, எல்லாத்தையும் விடக் கொடியதா எதைச் சொல்றாங்க? அன்பில்லாதவங்க கையால சோறு வாங்கிச் சாப்பிடுறதை. பாட்டு பெண்ணை வச்சுச் சொல்லுது, ஆனா அது ஆண், பெண் யார் கைக்கும் பொருந்தும். யோசிச்சுப் பாருங்க, பட்டினியை விடக் கொடியதா ஒரு சோத்தைச் சொல்லியிருக்காங்க. சோறு இருக்கு, ஆனா அது வர்ற விதம் கொல்லுது.

*எந்தப் பழம் வேணும் பாட்டி?*

அதே அவ்வையாரோட நாவல் பழக் கதைக்கு வருவோம். நாம எப்பவும் அதை ஆணவம் அடங்கின கதையாத்தான் கேட்டிருக்கோம். எனக்கு அதுல இன்னொண்ணும் தெரியுது. வெயில்ல நடந்து களைச்சு, பசியோட ஒரு கிழவி மரத்தடியில உட்கார்றாங்க. மேல மாடு மேய்க்கிற பையனா முருகன். ஞானத்தைப் பத்தின பேச்சையா முதல்ல எடுத்தான்? பழம் வேணுமான்னு கேட்டான். அதுவும் "இந்தாங்க"ன்னு உலுக்கிப் போட்டுட்டுப் போகல. சுட்ட பழமா, சுடாத பழமான்னு கேட்டான். எது வேணும்னு சொல்ற உரிமையை அந்தக் கிழவி கையில கொடுத்தான். சிரிப்பும் பேச்சும் ஞானமும் அதுக்கப்புறம் வந்துச்சு.

பசியைத் தீர்க்கிறதோட தேவை முடியறதில்லை. தேர்ந்தெடுக்கிறதும் ஒரு தேவைதான். "இன்னைக்கு இட்லியா தோசையா பாட்டி?"ன்னு கேட்கிறது சின்ன விஷயம். நாளெல்லாம் மத்தவங்க முடிவுபடியே எழுந்து, சாப்பிட்டு, படுக்கிறவங்களுக்கு அது பெரிய விஷயம்.

கொடுக்கிறதும் ஒரு தேவை. தமிழக அரசோட முதியோர் உதவித்தொகை 2023-இல் மாசம் 1,200 ரூபாயா உயர்ந்துச்சு. அதுல வெத்தலை பாக்கு, சூடம் போக, பேரன் கையில பத்து ரூபாய் திணிக்கிற பாட்டிகளைப் பார்த்திருப்பீங்க. "எதுக்கு பாட்டி, வேண்டாம்"னு தள்ளாதீங்க. வாங்கிக்கோங்க. அந்தப் பத்து ரூபாய்லதான் அவங்க இன்னும் வீட்டுக்குப் பெரியவங்களா இருக்காங்க. "நீங்க எதுவும் செய்ய வேண்டாம், சும்மா உட்காருங்க"ன்னு அடுப்படிப் பக்கமே விடாம வைக்கிறதும் ஒரு வகையில பறிக்கிறதுதான். உட்கார்ந்தபடி கீரை ஆயட்டும், பூ கட்டட்டும், சஷ்டிக்குத் தினைமாவு எப்படிப் பிசையணும்னு சொல்லித் தரட்டும்.

*சட்டம் எதுவரைக்கும் வரும்?*

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்துச்சு. உணவு, உடை, இருப்பிடம், மருத்துவம் எல்லாம் பராமரிப்புல சேரும்னு அது சொல்லுது. கவனிக்காத பிள்ளைகள் மாசம் 10,000 ரூபாய் வரைக்கும் கொடுக்கணும்னு தீர்ப்பாயம் உத்தரவு போடலாம். பார்த்துக்கணும் என்ற நிபந்தனையோட எழுதிக் கொடுத்த சொத்தை, பார்த்துக்கலைன்னா ரத்து பண்ணவும் வழி இருக்கு. இன்னொரு விஷயம் நம்ம வயசுக்காரங்க கவனிக்கணும்: அந்தச் சட்டத்துல பிள்ளைகள் என்ற சொல்லுக்குள்ள 18 வயசு முடிஞ்ச பேரன் பேத்தியும் அடக்கம்.

இந்தச் சட்டம் தேவையான சட்டம். தெருவுல விடப்பட்ட எத்தனையோ பேருக்கு அது ஒரு கைப்பிடி. ஆனா சட்டம் தட்டுல சோறு வைக்கச் சொல்லலாம், தட்டை எப்படி வைக்கணும்னு சொல்ல முடியாது. அந்த மீதி இடம் நம்ம மனசாட்சிக்கு உரியது.

*யார் கையால?*

பக்தர்களான நாம கொஞ்சம் கூசாம பார்க்க வேண்டிய ஒண்ணு இருக்கு. பெரியவங்களுக்குச் செய்யுற வேலை பெரும்பாலான வீடுகள்ல யார் தலையில விழுது? அம்மா தலையில, இல்லைன்னா அத்தை, அண்ணி, அக்கா தலையில. பாட்டியைக் குளிப்பாட்டி, படுக்கை மாத்தி, மாத்திரை கொடுத்து அவங்க ஓய்ஞ்சு போறாங்க. நாம ஆறு நாள் சஷ்டி விரதம் இருக்கோம், நமக்கு பாலும் பழமும் எடுத்து வைக்கிறதும் அவங்கதான். ஓய்ஞ்சு போன கையால அன்பு முகத்தோட தட்டு வைக்க எப்படி முடியும்? அவ்வையார் சொன்ன அந்தச் சோறு பல வீடுகள்ல இப்படித்தான் உருவாகுது. அங்கே அன்பில்லாம இல்லை. பங்கு போட ஆள் இல்லை. நம்ம விரதத்துல ஒரு வேலையையும் சேர்த்துக்கலாம். ராத்திரி பாட்டிக்கு எழுந்திருக்கிற பொறுப்பு ஆறு நாளும் என்னோடது என்பது எந்த விரதத்துக்கும் குறைஞ்சதில்லை.

எல்லாம் செஞ்சும் சில பேர் முகம் மலராது. தாத்தா போன துக்கம், கூடப் பிறந்தவங்க ஒவ்வொருத்தரா போற துக்கம், அதுக்கெல்லாம் நம்மகிட்ட மருந்து இல்லை. பக்கத்துல இருக்கலாம், அவ்வளவுதான். ஆனா வாரக்கணக்கா தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கல, "நான் ஏன் இன்னும் இருக்கேன்"னு பேசுறாங்கன்னா அதை "வயசானா அப்படித்தான்"னு விடாதீங்க. மனச்சோர்வு எந்த வயசுலயும் வரும், அதுக்கு வைத்தியமும் உண்டு. பி12 சத்துக் குறைவு, தைராய்டு மாதிரி சாதாரண பரிசோதனையில தெரியற காரணங்களும் இருக்கலாம். வீட்ல யாரும் கவனிக்காத பெரியவர் உங்க தெருவுல இருந்தா மூத்த குடிமக்களுக்கான 14567 என்ற இலவச உதவி எண் இருக்கு, சொல்லுங்க.

*இந்தக் கார்த்திகைக்கு ஒண்ணு செய்வோம்*

வேல் பூஜை முடிஞ்சதும் திருநீறை எடுத்துக்கிட்டு நேரா பெரியவங்க ரூமுக்குப் போங்க. பத்து நிமிஷம் அவங்க கட்டில்ல உட்காருங்க. அங்கிருந்து பாருங்க. தண்ணிச் சொம்பு கைக்கு எட்டுதா? ஸ்விட்ச் எட்டுதா? வெளிச்சம் போதுமா? பாத்ரூமுக்கு எத்தனை அடி, வழியில என்ன இடறும்? கண்ணாடியில கீறல் இருக்கா? செருப்பு தேஞ்சு வழுக்குதா? சுவர்ல இருக்கிற முருகன் படம் படுத்த இடத்துல இருந்து தெரியுதா?

எது குறையுதோ அதை அவங்க கேட்கிறதுக்கு முன்னாடி செஞ்சிடுங்க. செஞ்சதைச் சொல்லிக் காட்ட வேண்டாம், ஸ்டேட்டஸ் போட வேண்டாம். பழனி ரோட்டுல நமக்கு மோர் கொடுத்த அக்கா நம்ம பேரைக்கூடக் கேட்கலையே, அது மாதிரி.

யாமிருக்க பயமேன்னு நம்ம அப்பன் சொல்றதாத்தான் நாம எல்லாரும் படத்துல எழுதி வச்சிருக்கோம். பாட்டிக்கு அந்த வார்த்தை ராத்திரி ரெண்டு மணிக்கு ஒரு கைப்பிடியா, எரியற ஒரு பல்பா, "என்ன பாட்டி, எழுந்துட்டீங்களா, இருங்க வர்றேன்" என்ற ஒரு குரலா வரட்டும்.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா! 🙏

(படிச்சது மனசுக்குப் பட்டா உங்க குடும்ப குரூப்ல பகிருங்க. பாட்டிக்குப் படிக்க எழுத்து சின்னதா இருந்தா நீங்களே பக்கத்துல உட்கார்ந்து வாசிச்சுக் காட்டுங்க.)